மூணு பல்லை விட்டுவைத்த டாக்டர்

மொத்தம் 9,490 ரூபாய். முதல் நாள் பார்த்ததற்கு 500, எக்ஸ்ரே 450, பல்லை எடுத்ததற்கு 8,000, மருந்து மாத்திரை 540. போகவர ஆன செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. தாராவி 90 அடி ரோட்டிலிருந்து சயான் ஸ்டேஷன் வரை நடை, அங்கிருந்து மாட்டுங்காவுக்கு ஒரே ஒரு ஸ்டேஷன்.

ரூபாயை முதலிலேயே சொல்லிவிட்டேன். பல் புடுங்கப் போகிற எல்லாரும் முதலில் தேடுவது அதைத்தான். நானும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கையில் போனும் இன்னொரு கையில் ஐஸ் சுற்றின துண்டுமாக அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

கிளினிக் பெயரைப் போடவில்லை. எழுதட்டுமா என்று டாக்டரம்மாவிடமே கேட்டேன். "ஏற்கெனவே வராண்டாவில் உட்கார இடமில்லை, நீ வேறயா?" என்றார். மாட்டுங்கா கிழக்கில் பூ மார்க்கெட்டைத் தாண்டி ஒரு பழைய கட்டடம், ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இவ்வளவு போதும்.

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பல் விஷயத்தில் நான் இழுத்தடித்ததற்கு அதுதான் காரணம். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் ஒரு கால் சென்டரில் தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் போனில் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் விற்கிறேன். "விபத்துல அடிபட்டா ஒழிய பல் வைத்தியம் இந்தப் பாலிசியில சேராதுங்க சார்" என்பது நான் தினம் நாலு தடவையாவது சொல்கிற வரி. என் பல்லுக்கும் அதே வரிதான். ஊருக்கு உபதேசம் பண்ணினவள் சொந்தப் பல்லுக்குச் சொந்தக் காசைக் கட்டினேன்.

பல் எது என்றால், கீழ்த்தாடையில் இடது பக்கம் கடைசி. டாக்டர்கள் அதை 38 என்கிறார்கள். வாயை நாலு பங்காகப் பிரித்தால் கீழே இடது பக்கம் 3 ஆவது பங்கு, முன்பல்லிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் எட்டாவது பல். தமிழில் ஞானப்பல். இங்கே இந்தியில் அக்கல் தாட், அதாவது புத்திப்பல். எனக்கு 22 வயதில் முளைக்க ஆரம்பித்தது. 27 ஆகியும் முழுசாக வெளியே வரவில்லை. புத்தியும் அந்த வேகத்தில்தான் வருகிறது என்பது அம்மாவின் கணிப்பு.

வலி வந்தது மூன்று தடவை. முதல் தடவை ரெண்டு நாளில் தானாகப் போனது. ரெண்டாவது தடவை தாடை வீங்கியது. மூன்றாவது தடவை இந்த ஜூலை மழையில். வாய் ரெண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை, எச்சில் முழுங்கினால் காது வரை இழுத்தது. அந்த ராத்திரிகளில் வீட்டில் இருந்த ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்தேன். விமர்சனம் என்று வந்த பிறகு அவற்றுக்கும் மார்க் போட்டுவிடுகிறேன்.

கிராம்பு தைலம், 25 ரூபாய் குப்பி: வேலை செய்கிறது. பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு வைத்தால் அரை மணி நேரம் மரத்துப்போகும். ஆனால் நான் அவசரத்தில் நேரடியாக ஊற்றி ஈறைப் பொசுக்கிக்கொண்டேன். தேங்காயெண்ணெயில் கலந்துதான் வைக்க வேண்டுமாம். அதில் இருக்கும் யூஜினால் என்கிற பொருள்தான் பல் ஆஸ்பத்திரிக்கென்றே இருக்கிற அந்த வாசனை. அது தெரிந்த பிறகு எங்கள் அடுக்களையே கிளினிக் மாதிரி மணந்தது.

வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர்: எல்லாவற்றிலும் மலிவு, எல்லாவற்றையும் விட நல்லது. முழு மார்க்.

மாமா கொண்டுவந்த யோசனை, ஆஸ்பிரினை நுணுக்கி ஈறில் அப்புவது: தயவுசெய்து வேண்டாம். அது அமிலம். ஈறு வெள்ளையாக வெந்து உரிந்தது. மாத்திரை வயிற்றுக்குப் போக வேண்டியது, பல்லிடுக்குக்கு இல்லை என்று பின்னாடி டாக்டர் திட்டினார்.

பக்கத்து வீட்டில் மிச்சம் இருந்த ஆன்டிபயாடிக் நாலு மாத்திரை: இதற்கும் திட்டு. பாதிக் கோர்ஸ் சாப்பிட்டால் வீக்கம் அடங்கின மாதிரி இருக்கும், கிருமி அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். எனக்கு ரெண்டாவது தடவை அடங்கி மூன்றாவது தடவை வந்தது அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அம்மா மூன்று மணிக்கு எழுந்து வந்தாள். எங்கள் சந்தில் அந்த நேரத்துக்கு இட்லிச் சட்டி ஏறிவிடும், விடியுமுன் ஊர் முழுக்கச் சைக்கிளில் போகிற இட்லி. "ஏட்டி, இது பல்லுவலியா பிள்ளப்பேறா? இந்த அனத்து அனத்துத?" என்றாள். அடுத்த மூச்சில், "புடுங்க மட்டும் போயிராத. பல்லப் புடுங்குனா கண்ணு மங்கிரும்னு ஆச்சி சொல்லுவாவ."

மறுநாள் அம்மாவுக்குத் தெரியாமல் ஆபீஸ் பக்கத்து மாலில் இருக்கிற ஒரு பளபள கிளினிக்குக்குப் போனேன். இலவச செக்கப் என்று பலகை. எக்ஸ்ரே எடுத்தார்கள், படத்தை என் கண்ணில் காட்டவில்லை. டாக்டர் ரெண்டு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனார். பிறகு கோட் போட்ட ஒரு பெண் காகிதத்தோடு வந்தாள். நாலு ஞானப்பல்லையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம், பேக்கேஜ் 36,000, மாதத் தவணை உண்டு, இன்றே முன்பணம் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி. எனக்கு வலித்தது ஒரு பல். மற்ற மூன்றும் என்ன பாவம் பண்ணின என்று கேட்டேன். "எப்படியும் பின்னால் தொந்தரவு பண்ணும் மேடம்" என்றாள். அந்தக் குரலும் அந்தத் தள்ளுபடியும் எனக்கு ரொம்பப் பழக்கம். மாசக் கடைசியில் டார்கெட் முடிக்க நானே அப்படித்தான் பேசுவேன். எழுந்து வந்துவிட்டேன்.

மாட்டுங்காவைச் சொன்னவள் கூடப் படித்த தோழி. ஸ்டேஷனில் இறங்கினால் டிக்கெட் கொடுப்பதிலிருந்து போலீஸ் வரை எல்லாம் பெண்கள், 2017 லிருந்து அந்த ஸ்டேஷனைப் பெண்களே நடத்துகிறார்கள். கிளினிக்கிலும் அப்படித்தான். டாக்டர் ஐம்பது வயசு மராத்திக்கார அம்மா, வாய் தாடை அறுவைக்கென்றே தனியாக எம்.டி.எஸ். படித்தவர். உதவிக்கு நிற்கும் பெண் நம்ம தாராவி கிராஸ் ரோடு.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். இதற்கு மார்க் குறைக்கிறேன். ஆனால் உள்ளே போன பிறகு அரை மணி நேரம் எனக்காக உட்கார்ந்தார், அதற்குத் திருப்பிக் கொடுக்கிறேன். முதலில் வாயைப் பார்க்கவே இல்லை. எத்தனை தடவை வீங்கியது, எந்த மாசம், காய்ச்சல் வந்ததா, என்ன மாத்திரை போட்டாய், புகையிலை உண்டா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று எல்லாவற்றையும் எழுதினார். பிறகு ஒரு ஸ்கேலை வாயில் வைத்து எவ்வளவு திறக்கிறது என்று அளந்தார். கீழே லேபில் ஓபிஜி எடுத்துவர அனுப்பினார். இயந்திரம் முகத்தைச் சுற்றி வந்து மொத்தத் தாடையையும் ஒரே படமாக எடுத்துவிடும்.

படத்தை வெளிச்சத்தில் மாட்டி என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். 38 நேராக நிற்கவில்லை, முன்னால் இருக்கிற பல்லின் தோளில் சாய்ந்து தூங்குகிற லோக்கல் ரயில் பயணி மாதிரி சாய்ந்திருந்தது. பாதிதான் வெளியே, மீதிக்கு மேல் ஈறு ஒரு மூடி. "மூடிக்கு அடியில் சோறு போகும், பிரஷ் போகாது. அவ்வளவுதான் உன் வியாதி" என்றார். அதற்குப் பெரிகொரோனைட்டிஸ் என்று பெயராம். அதோடு, சாய்ந்த இடத்தில் அந்தப் பக்கத்துப் பல்லின் பின்பக்கம் சின்னதாக ஒரு கருப்பு நிழல். சொத்தை ஆரம்பம்.

"அப்ப இன்னிக்கே எடுத்துடுங்க" என்றேன். மூன்று ராத்திரி தூங்காதவள் வேறென்ன சொல்வாள்.

"இன்னிக்கு எடுக்க மாட்டேன்."

வீக்கமும் சீழும் இருக்கிற இடத்தில் மரப்பு ஊசி சரியாகப் பிடிக்காது. வாயும் திறக்கவில்லை, கருவி உள்ளே போகாது. ஈறு மூடிக்கு அடியில் ஊசி முனையில்லாத சிரிஞ்சால் சலைன் விட்டுக் கழுவினார். கழுவும்போது வந்த நாற்றத்தை இங்கே எழுதப்போவதில்லை. ஐந்து நாள் ஆன்டிபயாடிக், முழுசாக முடிக்க வேண்டும் என்று ரெண்டு கோடு போட்டுக் கொடுத்தார். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே என்றார். பத்து நாள் கழித்து வா, அதற்குள் எடுப்பதா வேண்டாமா என்று நீயே யோசி என்றார்.

என்னை யோசிக்கச் சொன்ன முதல் கடை இதுதான்.

யோசிக்க விஷயமும் கொடுத்தார். படத்தில் வேருக்குக் கீழே ரெண்டு மெல்லிய வெள்ளைக் கோடு, நடுவில் கருப்பாக ஒரு பாதை. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொண்டுபோகிற நரம்பு அதற்குள் ஓடுகிறது. என் பல்லின் வேர் அதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, மேலே ஏறி உட்காரவில்லை. கோடு எங்கேயாவது அறுந்த மாதிரி தெரிந்திருந்தால் முப்பரிமாண ஸ்கேன் கேட்டிருப்பேன், உனக்கு வேண்டாம் என்றார். ஆனாலும் எடுக்கும்போது நரம்பு நசுங்கினால் உதடு மரத்துப்போகலாம். பெரும்பாலும் சில வாரம் சில மாசத்தில் திரும்பிவிடும், ரொம்பச் சிலருக்குத் திரும்பாமலும் போகும். நாக்கு நரம்புக்கும் அதே கதை. சிரித்துக்கொண்டே சொல்லவில்லை, பயமுறுத்தவும் இல்லை.

எனக்கு வயிற்றைக் கலக்கியது அங்கேதான். நான் நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தைகள் பாலிசி, பிரீமியம், மெடிக்கல். எல்லாம் உதட்டை ஒட்டிப் பிரிக்கிற எழுத்து. பல் போனால் சொல் போச்சு என்பார்கள், எனக்கு உதடு போனால் சம்பளமே போச்சு. இதைச் சொன்னதும் அவர் சிரிக்காமல் விளக்கினார்: அந்த நரம்பு உணர்ச்சிக்கு மட்டும், உதட்டை அசைக்கிற நரம்பு வேறு. மரத்தாலும் பேச்சு வரும், டீ குடித்தால் வழிவது மட்டும் தெரியாது.

மற்ற மூன்று பல்லைப் பற்றி நானே கேட்டேன். கீழே வலது பக்கம் எலும்புக்குள் முழுசாகப் புதைந்து தூங்குகிறது, அதை எழுப்பாதே. மேலே ரெண்டும் நேராக முளைத்திருக்கின்றன, பிரஷ் எட்டுகிறது, எதற்கு எடுக்க வேண்டும்? ஒன்று மட்டும் சொன்னார்: கீழ்ப்பல் போன பிறகு அதற்கு நேர் மேலே இருக்கிற பல் எதிராளி இல்லாமல் மெல்லக் கீழே இறங்கலாம், வருஷத்துக்கு ஒரு தடவை காட்டு. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். பிரிட்டனில் நைஸ் என்கிற அரசு அமைப்பு, தொந்தரவு இல்லாத ஞானப்பல்லை முன்ஜாக்கிரதைக்காக எடுக்காதீர்கள் என்று 2000 த்திலேயே சொல்லியிருக்கிறது. டாக்டர்களுக்குள் இதில் இன்னும் சண்டை உண்டு. ஆனால் 36,000 ரூபாய் பேக்கேஜ் பேசின பெண் சண்டையில் ஒரு பக்கம் இருப்பதாகக்கூடச் சொல்லவில்லை.

கையில் காசில்லை என்றால் வேறு வழியும் இருக்கிறது. எதிர்வீட்டு அண்ணன் மும்பை சென்ட்ரல் பக்கம் நாயர் பல் மருத்துவக் கல்லூரியில்தான் எடுத்தார். மாநகராட்சி நடத்துவது, 1933 லிருந்து இருக்கிறது, கட்டணம் ரொம்பக் குறைவு, அவருக்கு ஒரு குறையும் இல்லை. ரெண்டு மூன்று காலை நேரம் ஒதுக்க வேண்டும். என் வேலையில் லீவு கேட்பது பல்லைப் புடுங்குவதைவிடக் கஷ்டம், அதனால் போகவில்லை.

பத்து நாளில் வீக்கம் வற்றியது, வலி சுத்தமாகப் போனது. வலி போனதும் புத்தி எப்படி மாறுகிறது பாருங்கள். எதற்கு எடுக்க வேண்டும், இப்படியே இருந்துவிடலாமே என்று தோன்றியது. அந்தக் கருப்பு நிழல்தான் என்னைத் திரும்ப மாடி ஏற வைத்தது. உபயோகமில்லாத பல்லுக்காக உபயோகமுள்ள பல்லை இழப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

இந்தத் தடவை அம்மாவும் கூட வந்தாள். தாராவி இந்தியில் நேராகக் கேட்டாள், பல்லை எடுத்தால் என் பெண்ணுக்குக் கண் போகுமா என்று. டாக்டரம்மா தன் சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தார். "எனக்கு 32 பல்லும் இருக்கு. கண்ணைப் பாருங்க." அம்மா கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரொம்பப் பவரு" என்றாள். அதோடு ஆச்சியின் கட்சி தோற்றது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வைத்தார். வீக்கம் ரெண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சிக்குப் போகும், சனி ஞாயிறு வீட்டில் கிடக்கலாம் என்று கணக்கு. ஊசி மூன்று, அதில் ஒன்று மட்டும் சுருக்கென்றது. பத்து நிமிஷத்தில் கீழுதடு உளுந்த வடை மாதிரி தடித்த உணர்வு. கண்ணாடியில் பார்த்தால் தடிக்கவே இல்லை. "வலித்தால் இடது கையைத் தூக்கு, நிறுத்திவிடுவேன்" என்றார். ரெண்டு தடவை தூக்கினேன், ரெண்டு தடவையும் நிறுத்தினார். இது சின்ன விஷயமில்லை.

வலி இல்லை, அழுத்தம் உண்டு, சத்தம் நிறைய உண்டு. ஈறைத் திறந்து, சுற்றியுள்ள எலும்பைக் கொஞ்சம் சீவி, பல்லை முழுசாக இழுக்காமல் ரெண்டாக வெட்டி எடுத்தார்கள். வெட்டும்போது சலைன் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறது. சட்டக் என்று ஒரு சத்தம் மண்டைக்குள் கேட்டபோது செத்தேன் என்று நினைத்தேன். தாடையைத் தாங்கிப் பிடித்திருந்த அந்தப் பெண் குனிந்து, "பயப்படாதீங்கக்கா, ஒடஞ்சது பல்லுதான். மூக்கால மூச்சு விடுங்க" என்று தமிழில் சொன்னாள். மரப்பு ஊசியில் பாதி வேலை அந்தக் குரல் செய்தது. நாற்பது நிமிஷம், மூன்று கருப்பு நூல் தையல், பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இனிக் குறை. என்ன செய்யலாம் செய்யக்கூடாது என்கிற காகிதம் ஆங்கிலம், மராத்தி, இந்தி மூன்றில் இருக்கிறது. தமிழர் பாதிப்பேர் வருகிற மாட்டுங்காவில் தமிழில் இல்லை. அந்தப் பெண்தான் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தாள். 24 மணி நேரம் துப்பாதீங்க, கொப்பளிக்காதீங்க, ஸ்ட்ரா போட்டு உறியாதீங்க. குழியில் உறைகிற ரத்தக்கட்டிதான் புண்ணுக்கு மூடி, அது கழன்றால் எலும்பு தெரியும், உயிர் போகிற மாதிரி வலிக்கும். முதல் நாள் ஐஸ், மறுநாளிலிருந்து உப்புத்தண்ணீர். ரசீதை ரெண்டு தடவை கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. கார்டு வாங்குவதில்லை, யுபிஐ அல்லது ரொக்கம்.

ஞாயிறன்று கன்னம் ஒருபக்கம் கொழுக்கட்டை ஆனது. சாப்பாடு இட்லி, ஆறின இட்லி, பாலில் கரைத்த இட்லி. சந்து முழுக்க இட்லி வேகும் ஊரில் இருந்துகொண்டு ஒரு வாரத்தில் இட்லியை வெறுத்தேன். அவர்கள் கொடுத்த குளோர்ஹெக்சிடின் வாய்த்தண்ணீர் நல்லதுதான், ஆனால் டீயின் ருசியைக் கெடுக்கும், பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும். பேஸ்ட் போட்டு அரை மணி நேரம் விட்டுத்தான் கொப்பளிக்க வேண்டும் என்பதைக் காகிதத்தில் காணோம், கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நாலாம் நாள் வலி திடீரென்று கூடியது. ரத்தக்கட்டி கழன்றுவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். அன்று அவர்களுக்கு விடுமுறை. போன் போட்டேன், டாக்டரம்மாவே எடுத்தார், மத்தியானம் கதவைத் திறந்து பார்த்தார். ஒன்றுமில்லை, குழியோரம் இட்லித் துணுக்கு. கழுவிவிட்டு ஒரு சிரிஞ்சைக் கையில் கொடுத்தனுப்பினார். அதற்குக் காசு வாங்கவில்லை. ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள், எறும்பு கடித்த அளவு.

மோவாயின் இடது பக்கம் மூன்று வாரம் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுத்தது. அதை அவர் முதலிலேயே சொல்லியிருந்ததால் தூக்கம் போகவில்லை. தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று "பாலிசி, பிரீமியம், மெடிக்கல்" என்று சொல்லிப் பார்ப்பேன். அம்மா அடுக்களையிலிருந்து, "யாருக்குட்டி விக்க?" என்பாள். இப்போது குறுகுறுப்பு இல்லை. பக்கத்துப் பல்லின் சொத்தையை அடுத்த மாசம் அடைக்கிறார்கள், அதற்கு 1,200 சொல்லியிருக்கிறார்.

ஐந்துக்கு நாலு. ஒன்று போனது காத்திருப்புக்கும் படிக்கட்டுக்கும். முழங்கால் வலிக்காரர்கள் முதலில் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். திங்கள், செவ்வாய் லீவு. ஊசி போடுகிற அன்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பிறகு ரெண்டு நாளைக்கு மெல்ல முடியாது. கூட ஒரு ஆள் வேண்டும், பஞ்சைக் கடித்துக்கொண்டு டாக்சிக்காரரிடம் தாராவி என்று சொல்ல வராது.